பூச்சு வேலை பாக்கி

வாங்க டாக்டரம்மா, வாங்க. பாத்து, மணல்ல கால் வெச்சிறாதீங்க, அந்த ஓரமா வாங்க. என்னங்க, வேலை இன்னும் முடியலீங்களான்னா கேக்கறீங்க? வேற யாராவது கேட்டிருந்தா, 'ஆமாங்க, பூச்சு வேலை பாக்கி'ன்னு சொல்லியிருப்பேன். டாக்டர்கிட்ட எதையும் மறைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்கல்ல, அதனால உள்ளதைச் சொல்லிப்போடறேன். வேலை முடிஞ்சு, பால் காய்ச்சி, குடி வந்து ரெண்டு வருசம் ஓடிப்போச்சுங்க.

அப்பறம் எதுக்கு வாசல்ல மணலு, மேல திருஷ்டி பொம்மைன்னு பாக்கறீங்க. சொல்றேன், மொதல்ல உக்காருங்க. இப்பத்தான் எம் பொண்ணு குழலி போன் பண்ணுச்சு. தாராபுரம் ரோட்ல வண்டி பஞ்சராம். ஒட்டீட்டு வந்தர்றேன், டாக்டரை உக்கார வெச்சு மோர் குடுங்கப்பா, வேற ஒண்ணும் பேசாதீங்கன்னு சொல்லுச்சு. மோர் இந்தாங்க. பேசாம எப்படீங்க இருக்கறது. வீட்டுக்காரியும் ஒரு சீருக்குப் போயிருக்கா. ஊட்டுக்கு வந்தவங்களை எதுக்க உக்கார வெச்சுப்போட்டு நான் செவுரைப் பாத்துட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? அதுவும் இந்தச் செவுரை.

ஃபேன் போடட்டுங்களா? வேண்டாங்களா? என்னமோ இங்க வர்றவங்க எல்லாரும் அப்படியேதான் சொல்றாங்க. கூச்சப்படாதீங்க, கரண்டு பில்லுக்குப் பயந்துக்கற ஆளு நான் இல்லை.

என்ற பேரு சென்னியப்பனுங்க. காங்கயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பெயிண்ட் கடை. இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த வீட்டுச் செவுரைத் தொட்டாலும் என் கடை டப்பா வாசம் அடிக்கும். எந்த வீட்ல மாமியாருக்குப் பச்சை ஆகாது, எந்த வீட்ல மருமகளுக்கு ஊதாதான் வேணும்னு எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு தடவை அந்தச் சண்டையிலயே நடுவுல உக்காந்து ஹாலுக்கு ஒரு கலர், சமையக்கட்டுக்கு ஒரு கலர்னு பஞ்சாயத்துப் பண்ணியிருக்கேன். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டைப் பாருங்க. நல்லாப் பாருங்க. ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லை. பெயிண்டுக்கு அடியில இழைக்கற பட்டி இல்லை. பூச்சே இல்லை. வெறும் மண்கல்லு. பெயிண்ட் கடைக்காரன் வீட்டுக்குப் பெயிண்ட் இல்லைன்னா ஊருல என்னங்க பேசுவாங்க?

நானும் ஆசைப்பட்டவன்தாங்க. முன்பக்கம் பாதாம் கலரு, ஹாலுல ஒரு செவுரு மட்டும் பிஸ்தா, சீலிங் வெள்ளைன்னு கலர் கார்டுல பேனாவுல சுழிச்சு வெச்சிருந்தேன். குழலி பொறக்கறதுக்கு முன்னாடியே சுழிச்சதுங்க அது. அந்தக் கம்பெனிக்காரன் அந்தக் கலரையே நிறுத்திப்போட்டான், நான் நிறுத்தலை. இந்தப் புள்ள கோயமுத்தூர்ல ஆர்க்கிடெக்ட் படிச்சுட்டு வந்து, "அப்பா, என்னோட மொத வீடு நம்ம வீடாத்தான் இருக்கணும்"னு சொல்லுச்சு. நான் பூரிச்சுப்போய், "உன் இஷ்டம் சாமி"ன்னு சொல்லிப்போட்டேன். அந்த ஒரு வார்த்தைதாங்க. அதுக்கப்பறம் இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பேச வாய் இல்லை.

மொதல்ல தண்ணித் தொட்டிக்குக் குழி தோண்டினாங்க. தோண்டின மண்ணை லாரியில ஏத்தி அனுப்பறதுதானே வழக்கம்? இந்தப் புள்ள ஒரு பாட்டில்ல அந்த மண்ணைப் போட்டு, தண்ணி ஊத்திக் குலுக்கி ஜன்னல்ல வெச்சுது. உங்க ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து வெப்பாங்கல்ல, அந்த மாதிரி. மறுநாள் பாத்தா அடியில மணலும் மேல களிமண்ணுமா தனித்தனியா நிக்குது. "அப்பா, நெம்ப நல்ல மண்ணு, இதுலயே செவுரு எழுப்பிடலாம்"னு அதுக்கு ஒரே சந்தோசம். ஒரு மெசினைக் கொண்டாந்து, மண்ணோட துளியூண்டு சிமெண்டைக் கலந்து, அமுக்கி அமுக்கிக் கல்லு எடுத்தாங்க. சூளை கிடையாது, விறகு கிடையாது. வேப்பமரத்து நெழல்ல அடுக்கி, ஈரச் சாக்கைப் போட்டு மூடித் தண்ணி தெளிச்சுக் காய வெச்சதோட சரி.

"மழை வந்தாக் கரைஞ்சு போயிராதா?"ன்னு கேட்டேன். ஒரு கல்லைத் தூக்கித் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டுப்போட்டுப் போயிருச்சு. நானும் தினமும் எட்டி எட்டிப் பாத்தேன். கரையும் கரையும்னு பாத்தேன். கரையலைங்க. இப்பப் பின்னாடி குழாயடியில பக்கெட் வெச்சிருக்கறது அந்தக் கல்லு மேலதான்.

மேல பாருங்க. காங்கிரீட்டுல வரிசையா ஓடு தெரியுதுங்களா? என் மாமன் வீட்டை இடிச்சப்ப வேண்டாம்னு குமிச்சுப்போட்ட நாட்டு ஓடு. அதைக் கவுத்து வெச்சு மேல காங்கிரீட் போட்டாங்க. கூரையில அடிப்பக்கத்துச் சிமெண்டுக்குப் பெருசா வேலையே இல்லையாம், சும்மா பாரம்தானாம். அந்த எடத்துல ஓட்டை வெச்சா சிமெண்டும் மிச்சம், வெயில் சூடும் உள்ள எறங்காதாம். செவுத்துக்குள்ளயும் கல்லைப் படுக்க வெக்காம நிமுத்தி வெச்சு, நடுவுல காத்து நிக்க எடம் விட்டிருக்குது. காத்துக்கு எடம் விடறதுக்கு ஜன்னல் இருக்குதே, செவுத்துக்குள்ள எதுக்குன்னு கேட்டேன். சிரிச்சுது.

அந்தக் கதவு ஒரு பழைய ரைஸ் மில்லுக் கதவுங்க. மழைக்காலத்துல லேசாத் தவிட்டு வாசம் வரும். எனக்குப் பழகிப்போச்சு.

சரிங்க, எல்லாம் பொறுத்துக்கிட்டேன். பால் காய்ச்சற அன்னைக்குத்தான் பொறுக்க முடியலை. எங்கக்கா ருக்மணி, திருப்பூர்ல இருக்கறா. பந்தி நடக்கற எடத்துல, அத்தனை ஒறம்பரை சொந்தத்துக்கு முன்னாடி, "ஏண்டா சென்னியப்பா, அப்படி என்னடா அவசரம்? பூசிப்போட்டுப் பால் காய்ச்சியிருக்கலாமே"ங்கறா. பந்தியில பாதிப் பேரு எலையைப் பாக்கறான், பாதிப் பேரு செவுரைப் பாக்கறான். பெயிண்ட் கம்பெனி ஆளு ஒருத்தன் என்னைத் தனியாக் கூட்டிப் போயி, "அண்ணா, ஏதாவது சிரமம்னா சொல்லுங்க"ங்கறான். என்ன நெனச்சுட்டான் பாருங்க. சென்னியப்பன் பாதியில முடங்கிப்போட்டான்னு நெனச்சுட்டான்.

அந்தப் பொம்மைதாங்க என் மானத்தைக் காப்பாத்துச்சு.

உங்க பக்கமும் வழக்கம் இருக்குமே. வீடு கட்டறப்ப, வைக்கோலை அடைச்சு பேண்ட் சட்டை மாட்டி, பானைத் தலையில மீசை வரைஞ்சு கட்டித் தொங்க விடறது. கண்ணேறு படக் கூடாதுன்னு. வேலை முடிஞ்சா கழட்டிப்போடணும். பந்தி எல்லாம் முடிஞ்ச பொறவு நானும் கழட்டலாம்னு ஏணியில ஏறினேன். ரோட்ல போன ஒருத்தரு வண்டியை நிறுத்திப்போட்டு, "வேலை எப்பங்க முடியும்?"னு கேட்டாரு. நான் ஏணி மேல நின்னுட்டே, "ஆச்சுங்க, பூச்சு வேலை மட்டும் பாக்கி"ன்னு சொன்னேன். வாயில தானா வந்துருச்சு. அவரும், "அப்படீங்களா, நல்லா வரும்ங்க"ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு. அவரு மூஞ்சியில ஒரு ஏளனம் இல்லை, ஒரு இரக்கம் இல்லை. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. பொம்மையைத் தொடாம எறங்கீட்டேன்.

அப்பறம் பொம்மை மட்டும் இருந்தா நம்ப மாட்டாங்கன்னு ஒரு அரை லோடு மணலையும் எறக்கி வெச்சேன். மழைக்குக் கரையக் கரைய மறுபடி எறக்குவேன். அதுல ஒரு பப்பாளி மொளைச்சுக் காயே காய்ச்சுருச்சுங்க. பொம்மைக்குத் தீபாவளிக்குத் தீபாவளி சட்டை மாத்தறேன். இப்பப் போட்டிருக்கறது பெயிண்ட் கம்பெனி குடுத்த டீ-சர்ட்டு. வசந்தாமணி, என் வீட்டுக்காரி, "எனக்கு ஒரு சேலை எடுக்கறதுக்கு அத்தனை யோசிக்கற ஆளு, அதுக்கு மட்டும் கணக்கே பாக்கறதில்லை"ன்னு சொல்லுவா.

குழலி கேக்காம இருக்குமா? கேட்டுது. "அப்பா, பொம்மையைக் கழட்டிறலாமா?"ன்னு. நான், "ஜோசியரு கொஞ்ச காலம் இருக்கட்டும்னாரு சாமி"ன்னு சொன்னேன். எந்த ஜோசியரு? எந்த ஜோசியரும் இல்லை. அதுக்கு இந்த ஜோசியத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க. சண்டை போடும்னு நெனச்சேன். பொம்மையை அண்ணாந்து பாத்துது. "சரிப்பா. வீடு பூரா நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனீங்க. அது ஒண்ணாவது உங்க இஷ்டத்துக்கு இருக்கட்டும்"னு சொல்லுச்சு. அதுக்கப்பறம் அதைப் பத்திப் பேசினதே இல்லை. நல்ல புள்ளைங்க. நானே சொல்லக் கூடாது.

மோர் இன்னொரு டம்ளர்? குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க. கத்திரி வெயில் பொறக்கறதுக்கு முன்னாடியே வெளிய இப்படிக் கொளுத்துது.

கத்திரின்னதும் நெனப்பு வருது. எங்கக்கா ருக்மணியைப் பத்திச் சொன்னேனே, வாய்தான் அப்படியே தவிர என் மேல நெம்பப் பாசங்க. போன வருசம் கோயில் நோம்பிக்கு ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு மச்சான், பேரன் பேத்தியோட வந்தா. வந்தவ போகவே இல்லை. கத்திரி முடியற வரைக்கும் இங்கயேதான் இருந்தா. திருப்பூர்ல அவங்க வீடு எப்படித் தெரியுங்களா? முன்பக்கம் பூரா கண்ணாடி. ரூமுக்கு ரூம் ஏசி. என் கடையில இருந்துதான் பெயிண்டு போச்சு, பளபளன்னு இருக்கும். அந்த வீட்டை விட்டுப்போட்டு இந்த மண்ணு வீட்ல, இந்தச் செவப்புத் தரையில தலையணை போடாமப் படுத்துத் தூங்கினாங்க, பேரப்பசங்க மொதக்கொண்டு. மத்தியானத்துல கரண்டு போகும், ஒருத்தருக்கும் தெரியாது. சாயங்காலம் டிவி போட்டாத்தான், அடடே கரண்டு இல்லையான்னு தேடுவாங்க. "ஏக்கா, வீட்ல சோலி இல்லையா?"ன்னு கேட்டேன். "உன்னை விட்டுப் போக மனசே வரலைடா"ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. கூடப்பொறந்த பாசம்னா அதாங்க. இந்தக் கத்திரிக்கும் வர்றேன்னு இப்பவே சொல்லிப்போட்டா.

நானும் மத்தியானம் கடையை வேலைக்காரப் பையன்கிட்ட விட்டுப்போட்டு இங்க வந்துதான் படுக்கறேன். கடை பக்கத்துலயே பழைய வீடு சும்மாதான் கெடக்குது, வெள்ளையடிச்சு அம்சமா இருக்கும். ஆனா அங்க தூக்கம் வர்றதில்லை. வயசாகுதுல்லீங்க.

நீங்க என்ன அப்ப இருந்து செவுத்துல கைய வெச்சுட்டே இருக்கீங்க? கையில மண்ணு ஒட்டாதுங்க, நான் பாத்துட்டேன்.

சரி, உங்க விசயத்துக்கு வர்றேன். குழந்தைங்க ஆஸ்பத்திரி கட்டப்போறீங்கன்னு குழலி சொல்லுச்சு. அது ராத்திரி பகலா உக்காந்து படம் போட்டு வெச்சிருக்குது. எந்தப் பக்கம் காத்து, எந்தப் பக்கம் வெயில், கைக்குழந்தையைத் தூக்கீட்டுக் காத்திருக்கற அம்மாக்களுக்கு எங்க நெழல் விழும்னு எல்லாம். பாருங்க, பாத்துட்டு உங்களுக்குப் புடிச்சாக் குடுங்க. நான் சிபாரிசு பண்ண மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேன், குழலி வந்தாச் சொல்லாது.

பெங்களூர்ல ஒரு பெரிய கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. கண்ணாடிக் கட்டடமா கட்டற கம்பெனி. இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். இங்க ஆபீஸ் போட்டும், ஒருத்தரும் வீடு கட்டக் குடுக்கலை. வர்றாங்க, படத்தைப் பாக்கறாங்க, நல்லாருக்குதும்மாங்கறாங்க, போறாங்க. உங்களுதும் இல்லைன்னா கெளம்பீரும். பெட்டியைத் தூசி தட்டி வெச்சிருக்கறதை நான் பாத்துட்டேன். எங்களுக்கு இருக்கறது இந்தப் புள்ள ஒண்ணுதாங்க. அது போயிட்டா இந்த வீட்ல நானும் வசந்தாமணியும் என்ன பண்றது? என்னால அதை நெனச்சுக்கூடப் பாக்க முடியலை. பூச்சு இல்லாத வீட்ல இருந்துக்குவேன். அது இல்லாத வீட்ல எப்படீங்க இருக்கறது?

போன தையில ஒண்ணு வந்துச்சு, கைக்கு வந்த மாதிரி வந்து போச்சு. ஒரு பள்ளிக்கூடத் தாளாளரு. புதுசாப் பத்துப் பன்னெண்டு கிளாஸ் ரூம் கட்டணும்னு. படத்தைப் பாத்துப்போட்டு அவருக்கு அவ்வளவு புடிச்சுப்போச்சாம். "நீங்க கட்டின வீட்டை ஒருதடவை நேர்ல பாத்தர்றேன்மா"ன்னு சொல்லிக் கெளம்பி வந்தாரு. அன்னைக்கும் குழலி வெளிய போயிருந்துச்சு. நான்தான் வாசல்லயே நின்னு வரவேத்தேன். நல்ல மனுசன். வெள்ளை வேட்டி. அண்ணாந்து பாத்தாரு, மணலைப் பாத்தாரு. "இன்னும் வேலை நடக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. "ஆமாங்க, பூச்சு வேலை பாக்கி"ன்னு சொன்னேன். பெரிய மனுசன்கிட்ட இதுதாங்க வீடே, இவ்வளவுதான்னு எப்படிச் சொல்றது?

"எப்ப ஆரம்பிச்சதுங்க?"ன்னாரு. அது ஆச்சுங்க மூணு வருசம்னு சொன்னேன். சொல்லிப்போட்டு, குழலியைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லணுமேன்னு, "எங்க புள்ளை அவசரமே படாதுங்க. நிதானமாத்தான் செய்யும்"னு சொன்னேன். அவரு, "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கணும், அதான் யோசிக்கறேன்"னாரு. உள்ள வாங்க, காப்பி குடிங்கன்னேன். "இருக்கட்டுங்க, முடியட்டும், இன்னொரு நாளைக்கு வர்றேன்"னு சொல்லிப்போட்டு வாசலோடவே போயிட்டாரு. வரலை. குழலி போன் பண்ணினதுக்கும், வேற ஆளைப் பாத்துட்டோம்மான்னு சொல்லிப்போட்டாரு.

அன்னைக்குப் புள்ள சாப்பிடவே இல்லைங்க. இந்தா, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்திருந்துச்சு. "மண்ணுன்னாலே மனுசனுக்குப் புடிக்கலைப்பா. நான் கட்டினதைப் பாத்ததும் போயிட்டாரு"ன்னு சொல்லுச்சு. நான்தான் தேத்தினேன். "அதைத்தானே சாமி நான் மொதல்ல இருந்து சொல்றேன், ஊருக்குப் பளபளன்னு இருக்கணும், மண்ணை ஆருக்குப் புடிக்கும்"னு சொன்னேன். அதுக்கப்பறம்தான் பெங்களூருக்குப் போன் போட்டுது. அந்தத் தாளாளருக்குக் கட்டடத்தைப் பாக்கத் தெரியலைங்க. உள்ள வந்து உக்காந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நீங்க உக்காந்திருக்கீங்கல்ல.

என்னங்க?

ஆமாங்க, பொம்மை அப்பவும் இருந்துச்சு. அவரு அண்ணாந்து பாத்தாருன்னு சொன்னேனே. பொம்மையைத்தான் பாத்தாரு. மணலு, அதுவும் இருந்துச்சு. தைக்குன்னே புதுசா எறக்கினது. நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னா...

நீங்களும் அதைப் பாத்துத்தான் வாசல்லயே நின்னீங்களா? திரும்பிப் போயிரலாம்னு இருந்தீங்களா?

இல்லீங்க, ஒண்ணுமில்லை. இருங்க.

டாக்டரம்மா, உங்களை ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே. பின்னாடி வேப்பமரத்துல ஏணி சாஞ்சிருக்குது. நான் தூக்கீட்டு வந்தர்றேன். எனக்கு முட்டிவலி, நீங்க கொஞ்சம் ஏணியை மட்டும் புடிச்சுக்கறீங்களா? எதுக்குன்னு கேக்காதீங்க அம்மிணி. புண்ணியமாப் போகும். குழலி வர்றதுக்குள்ள ஆகணும்.

அவ்வளவுதான். ஏணியை இங்க வெச்சுக்கலாம். மணலு மேல வேண்டாம், வழுக்கும். அந்த மணலை நாளைக்கே அள்ளச் சொல்லிப்போடறேன். பப்பாளி மட்டும் இருக்கட்டும். கெட்டியாப் புடிச்சுக்குங்க. ஏறீட்டேன். இந்தக் கட்டு என்ன, நானே போட்டதுதான், இப்படி இறுகிக் கெடக்குது. தீபாவளிக்குத் தீபாவளி இறுக்கி இறுக்கிக் கட்டினேனுங்களே.

வண்டிச் சத்தம் கேக்குதுங்களா? வந்துருச்சு. விடாதீங்க, நீங்க புடிச்சுக்கங்க. இன்னும் ஒரு முடிச்சுதான்.

ஒண்ணுமில்லை குழலி, நீ உள்ள போ. டாக்டர் கையெல்லாம் ஏணித் தூசியா இருக்குது, கழுவத் தண்ணி குடு. நானா? பொம்மையைக் கழட்டறேன் சாமி. அதெல்லாம் எந்த ஜோசியரும் சொல்லலை. வீட்டு வேலை முடிஞ்சுபோச்சு, அதான்.